கம்பி தெரியாத மேசை

என் சொந்த வீட்டில் நான் தனியாக வாழ்வதற்கு என் மகன் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: என் கைபேசி அணையக் கூடாது. இன்னொரு முறை அணைந்தால் தஞ்சாவூர் வீட்டைப் பூட்டிவிட்டு, பெங்களூரில் பதினான்காம் மாடியில் இருக்கும் அவனுடைய அடுக்ககத்துக்கு நான் குடிபெயர வேண்டும். அங்கே எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறார்கள். அதன் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள் தெரியும்.

இந்த நிபந்தனை பிறந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் காரியங்கள் முடிந்து மகனும் அவன் குடும்பமும் ஊர் திரும்பிய பின், ஒரு நாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தேன். குளியலறைச் சுவரின் மேலிருந்த காற்றுப்போக்கி வழியாக ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மதில் ஏறிக் குதித்து வந்திருந்தார்.

"சார், உள்ள இருக்கீங்களா?"

"குளிக்கிறேன்."

"அது சரி. தம்பி பெங்களூர்லேர்ந்து லைன்ல இருக்காரு. உங்க போன் ராத்திரியிலேர்ந்து ஸ்விட்ச் ஆஃபாம். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. நீங்களே ஒரு வார்த்தை சத்தமா சொல்லிடுங்க."

அவருடைய கைபேசி அந்தத் திறப்பின் விளிம்பில் தோன்றியது. சோப்பு நுரையோடு நின்றபடி, நான் இறக்கவில்லை என்பதை என் மகனுக்கு அறிவித்தேன். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தே தலை நரைத்தவன் நான். அத்தனை சுருக்கமான நிரூபணத்தை எந்த வகுப்பிலும் நான் தந்ததில்லை.

அடுத்த மாதமும் இதுவே நடந்தது. அப்போது நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டும் திறந்துதான் இருந்தது. இருந்தும் அவர் மதில் ஏறியே வந்தார். பழகிவிட்டது போலும். அன்று மாலை மகன் அந்த நிபந்தனையைச் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கைபேசி ஏன் அணைந்தது என்று அவன் கேட்டான். மறந்துவிட்டேன் என்றேன். அது உண்மையில்லை. எங்கள் வீட்டுக்குக் கைபேசி வந்த நாளிலிருந்து இரவில் தன்னுடையது, என்னுடையது இரண்டையும் சார்ஜில் போட்டவள் என் மனைவி. காலையில் அது நிறைந்திருக்கும். எப்படி நிறைந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. அவள் போன பிறகு அந்த ஒயரை நானே எடுத்துச் செருகப் பார்த்தபோதுதான், அது என்னால் ஆகாத வேலை என்று தெரிந்தது. என் வலக்கை நடுங்குகிறது. சில ஆண்டுகளாகவே நடுங்குகிறது. வயதோடு வரும் நடுக்கம், அஞ்ச வேண்டிய வகையைச் சேர்ந்ததல்ல என்று நரம்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். கையெழுத்து போட்டுவிடுவேன், சோறு அள்ளிச் சாப்பிட்டுவிடுவேன். ஆனால் ஒயரின் முனையை அந்தச் சிறு துளைக்கு நேரே பிடித்து நிறுத்த முடியாது. முனை துளையின் இடப்பக்கம் தட்டும், வலப்பக்கம் தட்டும், பிறகு விரலிலிருந்து நழுவும். சில இரவுகளில் வெற்றி பெற்றேன். எல்லா இரவுகளிலும் இல்லை.

நடுக்கத்தைப் பற்றி மகனுக்குத் தெரியாது. தெரிந்தால் நிபந்தனைக்குக்கூட இடமிருக்காது. அடுத்த ரயிலில் பெட்டியோடு ஏற்றிவிடுவான். ஆகவே நான் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. ஒயர் செருகாமல் கைபேசி நிறைய வேண்டும். ஏன் அப்படி நிறைகிறது என்று எவரும் கேட்கக் கூடாது.

ஒரு கம்பிச் சுருளில் மாறும் மின்னோட்டம் ஓடினால், அதைத் தொடாமல் அருகே இருக்கும் மற்றொரு சுருளிலும் மின்சாரம் பிறக்கும். இதை எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. இன்றைய கைபேசிகளின் முதுகில் அந்த இரண்டாவது சுருள் இருக்கிறது. முதல் சுருளைத் தட்டையான வட்டாகச் செய்து கடைகளில் விற்கிறார்கள். வாங்கி மேசைமேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு குறைகள் தென்பட்டன. கைபேசியை அதன்மேல் சரியான இடத்தில் வைக்க வேண்டும்; என் கை வைத்த இடம் ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை தள்ளியே இருந்தது. மேலும், வீடியோவில் பேசும்போது மகன் அந்த வட்டைப் பார்த்துவிட்டு, "அது என்னப்பா புதுசா?" என்றான். பேப்பர் வெயிட் என்றேன். இரண்டாம் முறை அந்தப் பொய் செல்லாது.

ஒரு படுக்கையோர மேசை செய்வதென்று முடிவு செய்தேன். வட்டு மேற்பலகைக்கு அடியில் மறைந்திருக்கும். மேற்பலகையில் கைபேசியின் அளவுக்கு ஒரு பள்ளம். அதன் ஓரங்கள் சரிவாக இருக்கும். நான் எப்படிப் போட்டாலும் கைபேசி தானாகச் சரிந்து, வட்டுக்கு நேர் மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். ஒயர் பின்னங்காலின் உட்புறமாக இறங்கிச் சுவரை அடையும். பார்ப்பவருக்கு அது ஒரு மேசை, அவ்வளவே.

மரம் இருந்தது. முன்பொரு புயலில் எங்கள் கொல்லையில் விழுந்த பூவரசை, சமையலறை அலமாரிக்கென்று என் மனைவி பலகைகளாக அறுத்து, இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கி உலர்த்தி வைத்திருந்தாள். அலமாரி வரவில்லை. பலகைகள் வளையாமல் இருந்தன.

நாகை சாலையில் பட்டறை வைத்திருக்கும் தச்சரிடம் அவற்றை எடுத்துப் போனேன். எங்கள் பகுதியில் எல்லோரும் அவரை பாய் என்றே அழைப்பார்கள். துபாய் ஹோட்டல்களில் பல ஆண்டுகள் மரவேலை பார்த்துவிட்டு, அங்கே பழகிய இயந்திரங்களைப் போலவே இங்கும் வாங்கிப் போட்டுத் தொழில் செய்பவர். நான் வரைந்து சென்ற படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மேசைக்கு இவ்வளவு படமா சார்? பாத்தா பேங்க் லாக்கர் மாதிரி இருக்கு."

"வட்டுக்கு மேல மரம் மூணு மில்லிமீட்டர்தான் இருக்கணும் பாய்."

"மூணுன்னா அப்பளம் சார். கை வெச்சா நொறுங்கும்."

"அதுமேல படுக்கப் போறது போன். நான் இல்ல."

"அஞ்சு விடுறேன். துபாய்ல அஞ்சுதான் விட்டோம்."

"துபாய்ல எந்த வட்டு போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. இந்த வட்டுக்கு மூணு."

கழிவுப் பலகையில் மூன்று அளவுகளில் பள்ளம் போட்டுச் சோதித்தோம். ஐந்தில் சார்ஜ் ஏறவே இல்லை. நான்கில் சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருந்தது. மூன்றில் ஒழுங்காக ஏறியது. பாய் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. "பூவரசு ஈரம் குடிச்ச மரம். தேக்குன்னா அஞ்சுலயே ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு மூன்றிலேயே வெட்டினார். மெலிந்த பகுதி விரிசல் விடாதிருக்க அடியில் குறுக்குச் சட்டங்கள் கொடுத்தார். வட்டைப் பிறகு பழுது பார்க்க வசதியாக அடிப்புறத்தில் ஒரு சிறிய மூடி வைக்கச் சொன்னேன். கீல் வைத்த மூடி; ஒரு திருகுகட்டையைத் திருப்பினால் வட்டையும் சுமந்துகொண்டு கீழே இறங்கித் தொங்கும். சூடு வெளியேறத் துளைகளும் போட்டோம்.

எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட எனக்கு மனமில்லை. உப்புத்தாள் தேய்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பட்டறையின் ஓரத்தில் ஸ்டூலில் அமர்ந்து, அந்தப் பள்ளத்தின் சரிவுகளைத் தேய்த்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த பாய், இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"சார், உங்க கைய வெச்சுட்டுச் சும்மா இருங்க போதும். அது தானாவே தேய்க்குது."

அந்த வாக்கியத்துக்காக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனைவி இறந்த பிறகு என்னிடம் பேசிய எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டே பேசினார்கள். இவர் தாழ்த்தவில்லை.

மேசை வீட்டுக்கு வந்தபோது அதைக் கட்டிலின் எந்தப் பக்கம் வைப்பது என்று பாய் கேட்டார். பிளக் பாயிண்ட் கட்டிலின் இடப்பக்கம் இருந்தது. அது என் மனைவி படுத்த பக்கம். அங்கேயே வைத்தோம். "அப்ப நீங்க இந்தப் பக்கம் மாறிக்குங்க சார், கை நீட்ட வசதி" என்றார். நான் மாறவில்லை. ஒவ்வொரு இரவும் அந்த இடத்தின் குறுக்கே கையை நீட்டித்தான் கைபேசியைப் போடுகிறேன். அது சரிந்து, தன் இடத்தில் அமர்ந்து, மெல்ல ஒரு முறை அதிரும்.

மேசை தன் கடமையைச் செய்தது. வாரங்கள் சென்றன, கைபேசி ஒருமுறையும் அணையவில்லை. மகன் காலையில் கூப்பிடுவான், நான் எடுப்பேன், அவன் குரலில் ஒரு சிறு ஏமாற்றம்கூட இருப்பதாக எனக்குத் தோன்றும். மதில் மேல் யாரும் ஏறவில்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரே கேட்டார்: "தம்பி இப்பல்லாம் கூப்புடுறதே இல்லையே சார், எதும் கோவமா?"

ஆவணி பிறந்ததும் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்பவர்கள் எங்கள் தெரு முனையைக் கடந்து போகத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் சமைக்கும் அம்மாளும் ஆண்டுதோறும் காவிச்சேலை கட்டிக்கொண்டு நடப்பவர். கத்தோலிக்கர், பூண்டிப் பக்கத்து ஊர். என் மனைவி இருந்த காலத்திலிருந்து வருகிறவர். வழக்கம்போல விடுப்பு கேட்டுக்கொண்டு போனார். கால்களில் கொப்புளங்களோடு ஒரு சனிக்கிழமை காலை திரும்பி வந்து, வீடு முழுவதையும் பெருக்கித் துடைத்தார். அன்று மாலை, நான் எதிர்பாராமல், என் மகன் வந்து இறங்கினான். தனியாக வந்திருந்தான். சாப்பிட்டோம், குறுவை அறுவடையைப் பற்றிப் பேசினோம், படுத்தோம். கைபேசியைப் பள்ளத்தில் போட்டேன். அது அதிரவில்லை என்பதைக் கவனிக்கத் தவறினேன்.

காலையில் அவன் என் அறைக்குள் வந்து கைபேசியை எடுத்தான். திரை கறுத்துக் கிடந்தது. பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தான், மறுபடியும் அழுத்தினான்.

"செத்துக் கெடக்குப்பா."

"கரண்ட் போயிருக்கும்."

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

பள்ளத்தில் கையை வைத்தேன். மரம் இளஞ்சூடாக இருந்தது. அந்த நொடியே காரணம் விளங்கிவிட்டது: இரு சுருள்களுக்கும் இடையில் எங்கோ உலோகம் வந்து படுத்திருக்கிறது. மின்சாரம் கைபேசிக்குப் போகாமல் அந்த உலோகத்திலேயே சுழன்று சூடாகிக்கொண்டிருக்கிறது. எப்படி வந்தது என்பதுதான் விளங்கவில்லை. தரையில் மண்டியிட்டு, அடிமூடியின் திருகுகட்டையைப் பிடித்தேன். பிடிபடவில்லை. என் விரல்கள் அதன்மேல் தட்டிக்கொண்டே இருந்தன. மகன் சற்று நேரம் நின்று பார்த்தான். பிறகு அவனும் மண்டியிட்டு, என் கையை விலக்கிவிட்டுத் திருகினான். மூடி தொங்கியது. உள்ளிருந்து மெல்லிய வெள்ளித் தகடு ஒன்று தரையில் விழுந்தது.

வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் விற்கும் காணிக்கைத் தகடு. வீடு வேண்டுகிறவர்கள் வீடு பொறித்ததை வாங்குவார்கள். கண் நோய் உள்ளவர்கள் கண்ணை. இதில் ஒரு கை பொறித்திருந்தது. மணிக்கட்டு வரை, ஐந்து விரல்களும் விரிந்த வலக்கை.

"கை எதுக்குப்பா?" என்றான் மகன்.

காபியோடு வந்த அந்த அம்மாள் கதவு நிலையருகே நின்றுவிட்டார்.

"நான்தான் வெச்சேன் தம்பி. மாதா பாதத்துல ஒண்ணு போட்டுட்டு இன்னொண்ணு தொட்டு எடுத்தாந்தேன். சார் கைக்காக."

"சார் கைக்கு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்ட எனக்கு அவகாசம் இருந்தது. ஆனால் தகடு எங்கள் மூவருக்கும் நடுவில் கிடந்தது.

"இதுக்குள்ள எதுக்கும்மா வெச்சீங்க?" என்று நான் கேட்டேன்.

"கூட்டும்போது பாத்தேன் சார். அடியில யாருக்கும் தெரியாம ஒரு குழி, அதுக்கு ஒரு கதவு. தொறந்தா உள்ள வட்டமா ஒரு பீடம், அதுல நீலமா ஒரு பொட்டு லைட்டு. அத வேற எதுக்குன்னு நெனைக்கிறது? அம்மா போனப்புறம் சாமி கும்பிடாத சாருக்கு மனசு மாறிடுச்சு, வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சாமிக்கு எடம் செஞ்சு வெச்சிருக்காரு, என்ன வைக்கிறதுன்னுதான் தெரியாம காலியா விட்டிருக்காருன்னு நெனச்சேன். கேட்டா கூச்சப்படுவீங்கன்னு நானே வெச்சுட்டேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் வாசல்நிலை ஊன்றும்போது அடியில் குழி எடுத்து, காசும் நவதானியமும் பொன்னும் இட்டு மூடுவார்கள். ஒளித்து வெட்டி மூடிய குழி என்றால் அதற்குள் நேர்ந்துகொண்டு வைக்க ஒன்று இருக்கும் என்று இங்கே யாரும் எண்ணுவார்கள். கைபேசியை நிறைப்பதற்காக ஒருவன் அப்படியொரு குழியை வெட்டுவான் என்று எண்ணத்தான் இடமில்லை.

"கையை நீட்டுங்கப்பா."

நீட்டினேன். அது நடுங்கியது. மறைக்க வேண்டிய தேவை போய்விட்டதாலோ என்னவோ, வழக்கத்தைவிடத் தாராளமாகவே நடுங்கியது.

"எப்பலேர்ந்து?"

"உங்கம்மா இருக்கும்போதே."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சட்டை பட்டன் போட்டுவிட்டது யாருன்னு நெனச்ச?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"கையோட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அதான்."

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். நல்லவன், என்மேல் பாசம் உள்ளவன். அதை அப்போதும் நான் மறக்கவில்லை. "போன் அணைஞ்சிருக்குப்பா" என்றான் தரையைப் பார்த்தபடி. "நம்ம பேசுனது பேசுனதுதானே. துணியெல்லாம் நானே எடுத்து வைக்கிறேன். மத்தத அப்பறம் பாத்துக்கலாம்."

நான் இன்னும் மண்டியிட்டே இருந்தேன். இத்தனை மாதங்களாக ஒரு தேர்வு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்தத் தரையில்தான் எனக்குப் பட்டது. வினாத்தாளைத் தயாரித்தவன் என் மகன். பலகையை மூன்று மில்லிமீட்டருக்குச் செதுக்கி, சரிவைத் தேய்த்து, ஒயரைக் காலுக்குள் ஒளித்து, முழு மதிப்பெண் வாங்கப் பாடுபட்டவன் நான். அந்தத் தேர்வை நடத்தும் உரிமை அவனுக்கு எப்படி வந்தது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவன் தூக்கிவிட வந்தான், வேண்டாம் என்றேன்.

"போன் அணைஞ்சா, போன் அணைஞ்சிருக்குன்னுதான் அர்த்தம். வேற அர்த்தம் இல்ல. நான் வரல."

"அப்பா..."

"கை ஆடுது. இன்னும் ஆடும். ஒருநாள் விழலாம். குளிக்கிற எடத்துல விழலாம், ஆத்தங்கரையில விழலாம். விழுந்தா இங்கதான் விழுவேன். பதினாலாவது மாடியில பத்திரமா உக்காந்திருக்க எனக்கு விருப்பமில்ல."

"அப்படிப் பேசாதீங்க."

"நீ கேட்டதுக்குப் பதில் சொன்னேன். வீடு என் வீடு. இங்க இருக்கறதுக்கு நிபந்தனை கெடையாது. இருந்ததா நானும் நெனச்சுட்டேன். அது என் தப்புக் கணக்கு."

அந்த அம்மாள் காபியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இட்லி ஆறுது. ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு வந்து சண்டை போடுங்க. சாம்பார் மறுபடியும் சுட வைக்க என்னால நிக்க முடியாது, காலெல்லாம் கொப்புளம்."

சாப்பிட்டோம். சண்டை தொடரவில்லை, சமாதானமும் ஆகவில்லை. கை கழுவிய பின் மகன் அறைக்குள் போனான். கதவு திறந்திருந்தது. மூடியைச் சாத்திவிட்டு, கைபேசியைப் பள்ளத்தின் ஓரத்தில் வேண்டுமென்றே கோணலாகப் போட்டுப் பார்த்தான். சரிந்தது, அதிர்ந்தது. எடுத்து மறுபடியும் போட்டான். பலகையைக் கீழிருந்து விரலால் தட்டி, சத்தத்தைக் கேட்டான். பொறியாளன், எதைப் பார்க்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும்.

மாலை ரயிலுக்குப் புறப்படும்போது சமையலறைப் பக்கம் அவன் குரல் கேட்டது. தினமும் ஒருமுறை என்னைப் பற்றித் தனக்குத் தகவல் சொல்ல முடியுமா என்று அந்த அம்மாளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சாரைக் கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்றார் அவர்.

என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். அவனிடம் அப்படியே சொல்லிவிட்டார். தகட்டையும் என்னிடமே கேட்டார், திருப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று. எனக்கு நம்பிக்கை இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் அவ்வளவு தூரம் கொப்புளத்தோடு நடந்து வாங்கியது என் கைக்காக. மேசையின் கீழ்த்தட்டுக்குப் பின்புறம், சுருளின் காந்தப்புலம் எட்டாத தொலைவில், அவரையே ஆணி அடிக்கச் சொன்னேன்.

மகன் அதன்பின் சில நாட்கள் கூப்பிடவில்லை. பிறகு கூப்பிட்டான். அந்த வாரம் புது ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறுகரை வயல்களில் சம்பா நாற்று பறித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் நடக்கக் கிளம்பும்போது கைபேசி முழுக்க நிறைந்து மேசைமேல் கிடந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், கனமில்லை. போடவில்லை. பாலத்தைத் தாண்டி, மதகு வரை நடந்து, நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் கடக்கும்வரை நின்று, வெயில் ஏறிய பிறகு திரும்பினேன். தவறிய அழைப்புகள் காத்திருந்தன. திருப்பிக் கூப்பிட்டேன்.

"எங்கப்பா போயிட்டீங்க?"

"ஆத்தங்கரைக்கு."

"போனை எடுத்துட்டுப் போலாம்ல."

"போலாம்."

மதில் மேல் யாரும் ஏறவில்லையே என்று அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

"ஆத்துல தண்ணி எவ்வளவு போகுது?" என்று கேட்டான்.

சொன்னேன்.